கூலிக்கு எதிரே ஒரு கோடு

சிறைச்சாலை
மலேசியா, 14 ஜனவரி 2023

லோகா,

நாளைக்குப் பொங்கல். நான் உள்ளே வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. எழுதத் தெரியாதவளா நீ? மளிகைக் கடைப் பட்டியல் என்றால் அரைப் பக்கம் எழுதுவாயே. போகட்டும். பழசைக் கிளற நான் எழுதவில்லை. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் பதிலில் நீயும் பழசைக் கிளறாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நன்னடத்தைக் கழிவு போக அடுத்த வருஷம் மார்ச்சில் என்னை விடுகிறார்கள். வெளியே வந்து நீலாயில் நீ இருக்கும் அந்த எலிவளை பிளாட்டில் ஒண்டிக்கொள்ள மாட்டேன். லிங்கிப் பக்கம் உன் அம்மா பஞ்சாலைக் கிழவி உன் பேரில் விட்டுப்போன லாட் சும்மாதானே கிடக்கிறது. ரப்பர் எஸ்டேட்டை விற்றபோது பால்மரம் வெட்டியவர்களுக்குக் கம்பெனி போட்ட பிச்சை, கால் ஏக்கர். அதில் மர வீடு கட்டப் போகிறேன். கல் வீடு எவனும் கட்டுவான். பதினெட்டு வருஷம் மர ஆலையிலிருந்து லாரியில் பலகை ஏற்றியவன் மர வீட்டில்தான் சாக வேண்டும்.

இங்கே என்னைத் தச்சுப் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். படம் பின்பக்கம் போட்டிருக்கிறேன், பார். தொள்ளாயிரம் சதுர அடி. முன்னால் அகலமான வராந்தா, அதில் நண்பர்கள் உட்கார ஒரு கவுண்டர். கணக்கும் போட்டுவிட்டேன். தூணுக்குச் செங்கால் மரம் நாலு டன், டன் ஐயாயிரம், ஆக இருபதாயிரம். சுவருக்கும் தரைக்கும் மெராந்திப் பலகை ஆறு டன், டன் இரண்டாயிரம், ஆக பன்னிரண்டாயிரம். கூரை எட்டாயிரம். சிமெண்டு ஐயாயிரம். லைட்டு, வயர் எல்லாம் ஐயாயிரம். மொத்தம் ஐம்பதாயிரம் வெள்ளி. என் லாரியை விற்றால் எண்பதுக்குக் குறையாது. மிச்சம் முப்பதாயிரத்தில் நான் வியாபாரம் ஆரம்பிப்பேன்.

கூலி எங்கே என்று கேட்பாய். கூலிக்கு எதிரே ஒரு கோடு போட்டிருக்கிறேன், கவனித்தாயா? உன் தம்பி புனிதன் ஆசாரிதானே. அக்கா வீட்டுக்குக் கூலி கேட்பானா? சோறு போட்டால் செய்யட்டும்.

மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

திருச்செல்வம்

*

நீலாய்
5 பிப்ரவரி 2023

ரோகினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் அதை அரிசி டின் மேலேயே வைத்திருந்தேன். ரோகினிதான் சத்தம் போட்டாள். "ஒண்ணு பதில் எழுது, இல்ல தூக்கிப் போடு லா. அதைப் பார்த்துக்கிட்டே சோறு ஆக்காதம்மா." அவளுக்குப் பதினாறு வயதாகிறது. உங்கள் கடிதத்தில் அவள் பெயரைத் தேடினேன். கண்ணில் படவில்லை.

உங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை இரண்டு மரக் கடைக்குப் போனேன். முதல் கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் எழுதியது உங்கள் லாரி ஓடிய காலத்து ஆலை வாசல் விலை. இன்றைக்குச் செங்கால் டன் பதினோராயிரம். மெராந்தி மூவாயிரத்து எண்ணூறு. மரத்துக்கு மட்டுமே அறுபத்தாறாயிரத்து எண்ணூறு வருகிறது.

வீடு என்றால் மரம் மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். கவுன்சிலுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கவும் அனுமதி வாங்கவும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மலக்குழித் தொட்டி நாலாயிரத்து ஐந்நூறு. ரோட்டிலிருந்து லாட்டுக்கு மின்சாரக் கம்பம் நட்டு, தண்ணீர் மீட்டர் வைக்க எட்டாயிரத்து முந்நூறு. இதெல்லாம் உங்கள் தாளில் கிடையாது. மற்றதையும் இன்றைய விலைக்கு மாற்றினால் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நூறு. இதுவும் கூலி சேர்க்காமல். கூலி சேர்த்தால் ஒரு லட்சத்து எழுபதாயிரம். யானை வாங்க ஆசைப்படுகிறவர்கள் அங்குசத்தையும் தீனியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் கையுறை பாக்டரியில் மாதம் எவ்வளவு வாங்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். லாரி புனிதன் வீட்டு ஓரத்தில் டயர் அமுங்கி நிற்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. வக்கீல் ஒருவர் அதிகாரப் பத்திரத்தோடு உங்களைப் பார்க்க வருவார். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

கூலிக்கு எதிரே கோடு போட்டதைக் கவனித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். புனிதன் எந்தக் கையால் வேலை செய்யட்டும்?

லோகேஸ்வரி

*

சிறைச்சாலை
11 மார்ச் 2023

லோகா,

பழசைக் கிளறாதே என்று சொல்லித்தானே எழுதினேன்? எந்தக் கையால் என்று கேட்கிறாய். இடது கை இருக்கிறதல்லவா, அதைச் சும்மா தொங்கப் போடவா வைத்திருக்கிறான்? அன்றைக்கு நடந்தது எனக்கும் உனக்கும். லாட்டை விற்கக் கையெழுத்துப் போடு என்று என் பெண்டாட்டியைக் கேட்டேன். நீ முடியாது என்றாய். எனக்குக் கோபம் வந்தது, கையில் ஆணி பிடுங்கும் கடப்பாரை இருந்தது, ஓங்கினேன். உன்னைக் கொன்றா போட்டிருப்பேன்? கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? குறுக்கே கை நீட்டச் சொன்னது யார்? நீட்டினான், வாங்கிக்கொண்டான். அதற்கு ஐந்து வருஷம் தீர்ப்பு எனக்கு. அவனுக்கு என்ன, ஊரே வந்து பழம் வாங்கிக் கொடுத்திருக்கும்.

நேற்று வக்கீல் வந்தார். நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். லாட்டுக்கு நீ அன்றைக்கே இப்படிப் போட்டிருந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்? யோசித்துப் பார்.

உன் கணக்கு தப்பில்லை. விலை ஏறித்தான் இருக்கும். அப்படியானால் வீட்டைக் குறைப்போம். ரோகினிக்கு என்று ஒரு அறை போட்டிருந்தேன், அதை வெட்டு. இன்னும் நாலு வருஷத்தில் இன்னொருத்தன் வீட்டுக்குப் போகிறவளுக்கு எதற்குச் செங்கால் தூண்? கூடத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும். வராந்தா கவுண்டர் கட்டாயம் வேண்டும். பெரிய அறையில் கட்டில் போட்டுச் சுற்றி நடக்க இடம் வேண்டும், இங்கே நான் இடுப்பு அகலத்தில் படுத்துக் கிடக்கிறேன்.

இன்னொன்று. மர வேலை தெரிந்தவன் எவனும் மொத்தப் பணத்தையும் கணக்கில் கட்டிவிட மாட்டான். நூற்றுக்கு இருபது தனியாக எடுத்து வைப்பான். எதிர்பாராத செலவு என்று எழுதி அதைத் தொடாமல் வை. மழை வரும், லாரி புதையும், பலகை கோணும். வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மா சொல்லவில்லை.

நிலைவாசலை மட்டும் வைத்துவிடாதே. புருஷனும் பெண்டாட்டியும் நின்று மஞ்சள் பூசி நிலை வைக்க வேண்டும். தூணை நிறுத்து, கூரையைப் போடு, வாசலில் மட்டும் ஓட்டையாக விடு. நான் வந்து வைக்கிறேன். நான் இல்லாமல் வைத்த நிலைக்குள் நான் நுழைய மாட்டேன், நினைவில் வைத்துக்கொள்.

திருச்செல்வம்

*

நீலாய்
18 ஜூன் 2023

ரோகினி அப்பாவுக்கு,

லாரி போன வாரம் விலைபோனது. எண்பது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். என்ஜினில் எலி கூடு கட்டியிருந்தது. அறுபத்திரண்டாயிரத்துக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி நூற்றுக்கு இருபது, பன்னிரண்டாயிரத்து நானூறு வெள்ளியைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டேன். எதிர்பாராத செலவு என்று புத்தகத்தின் மேல் எழுதியும் வைத்திருக்கிறேன்.

புது மரம் நமக்குக் கட்டாது. ஆனால் எஸ்டேட்டில் துரை பங்களாவைப் பிரிக்கிறார்கள். எண்ணெய்க்குச் செம்பனைக் கன்று வைக்கப் போகிறார்களாம். தூண், உத்தரம், தரைப் பலகை எல்லாம் பழைய செங்கால். பிரிக்கிற கான்ட்ராக்டர் மொத்தமாகப் பதினாலாயிரம் கேட்கிறார். அம்மா முப்பத்தோரு வருஷம் அந்த எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினாள், ஒரு தடவைகூட அந்த முன்படி ஏறியதில்லை. நான் ஏறினேன். செருப்பைக் கழற்றவில்லை.

புனிதனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது, கட்டைவிரலில் சூடு குளிர் தெரியாது. இடது கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். பதினெட்டுத் தூணில் நாலை ஒதுக்கினான். கான்ட்ராக்டருக்குக் கோபம். "டேய், கையும் போச்சு, காதும் போச்சா? நல்ல மரம்டா அது!" என்றான். புனிதன் உளியை இறக்கினான். உள்ளே ஓடையாகக் கரையான் மண்.

கேட்க வேண்டியது இது. பழைய மரத்தை இழைத்து எடுத்தால் எவ்வளவு கழியும்? மூன்று டன் தேறும் என்கிறார்கள். லிங்கியிலிருந்து பாக் தாலிப் என்ற மலாய்க்காரப் பெரியவர் வேலைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், கூட இரண்டு ஆள். புனிதன் முன்நின்று வேலை வாங்குவான். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

லோகேஸ்வரி

*

சிறைச்சாலை
9 ஜூலை 2023

லோகா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். துரை பங்களாவா! அந்தத் தூண்களை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பந்து எடுக்க அந்த வேலிக்குள் போய் உதை வாங்கியிருக்கிறேன். வாங்கு. யோசிக்காதே, வாங்கு.

கவனமாகக் கேள். மூன்று டன் என்று சொன்னால் இரண்டுதான் உன் கைக்கு வரும். முனை எல்லாம் உளுத்திருக்கும், ஒரு அடி ஒரு அடி வெட்ட வேண்டும். பழைய ஆணியை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகுதான் ரம்பத்தில் வைக்க வேண்டும். ஆணி ஒன்று மாட்டினால் பிளேடு போச்சு, முந்நூறு வெள்ளி போச்சு. காந்தக் கல்லைக் கயிற்றில் கட்டிப் பலகைமேல் இழுத்துப் பார், ஆணி இருந்தால் பிடிக்கும். பலகையை மண்ணில் அடுக்காதே. இரண்டு பலகைக்கு நடுவே குச்சி வைத்துக் காற்று போக அடுக்கு. பிரிப்பதற்கு முன்னால் தூணுக்குத் தூண் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொள். மழையில் அழிந்துவிடும், அதனால் ஆணியால் கீறு.

இதை எழுதும்போது மூக்கில் செங்கால் வாசனை அடிக்கிறது. பட்டறையில் எங்களுக்கு ரப்பர் மரம்தான் கொடுக்கிறார்கள், அதற்கு வாசனையும் கிடையாது. லோகா, வெளியே வந்து அந்தத் தரையில் வெறும் உடம்போடு படுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஆனால் ஒன்று. புனிதன் முன்நின்று வேலை வாங்குவான் என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்கு அவன் மேஸ்திரியா? ஒற்றைக் கை ஆசாரியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடாதே. அந்த மலாய்க்காரருக்குக் கூலி கொடு, சரி, வேறு வழியில்லை. உன் தம்பிக்கு என் லாரிப் பணத்தில் ஒரு காசு போனது தெரிந்தால் நடப்பதே வேறு. கூலிக்கு எதிரே நான் போட்ட கோடு அப்படியே இருக்கட்டும்.

திருச்செல்வம்

*

நீலாய்
19 நவம்பர் 2023

ரோகினி அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். பாக்டரியில் இரண்டு ஷிப்டு, ஞாயிறு லிங்கி. தீபாவளிக்கும் ஆணிதான் பிடுங்கினேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு டன்தான் தேறியது. காந்தக் கல் இழுத்ததில் நாற்பது கிலோ ஆணி வந்தது, பழைய இரும்புக்காரன் அதற்கு இருபத்தெட்டு வெள்ளி கொடுத்தான். பாக் தாலிப் உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு, "யார் சொன்னது? மரம் தெரிந்த மனிதர்" என்று மலாயில் சொன்னார்.

வீட்டைக் குறைத்துவிட்டேன். ஐந்நூற்று அறுபது சதுர அடி. இரண்டு டன்னில் தொள்ளாயிரம் அடி கட்டினால் பாதி வீட்டுக்குத் தூண் இருக்காது. பாயை விரித்த அளவுக்குத்தான் காலை நீட்ட முடியும். உங்கள் படத்தில் சில இடங்களை வெட்ட வேண்டியிருந்தது. எதை வெட்டினேன் என்று பிறகு எழுதுகிறேன்.

நடுவில் எழுதிய கடிதங்களில் போட்டோ கேட்டிருக்கிறீர்கள். கூரை முடியட்டும். நிலைவாசல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நிலை பத்திரமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

லோகேஸ்வரி

*

சிறைச்சாலை
7 ஜனவரி 2024

லோகா,

தேதி சொல்லிவிட்டார்கள். மார்ச் பதினைந்து, வெள்ளிக்கிழமை. நல்ல நாள்தான்.

கேட்டுக்கொள். அன்றைக்குக் காலையில் கேட் வாசலுக்குக் கார் எடுத்துக்கொண்டு வா. நேரே லிங்கி. ஐயரை வரச்சொல்லி வை, பன்னிரண்டு மணிக்குள் நிலை வைத்துவிட வேண்டும். ஆடு ஒன்று சொல்லி வை. கெமாஸிலிருந்து என் அண்ணன் சன்னாசி குடும்பத்தோடு வருவார். மர ஆலை ஆட்கள் இருபது பேர் வருவார்கள். திருச்செல்வம் உள்ளே போய்விட்டான் என்று சிரித்தவன் ஒவ்வொருத்தனையும் அந்த வராந்தாவில் உட்கார வைத்து ஊற்றிக் கொடுக்கிறேனா இல்லையா பார்.

உன் தம்பி அன்றைக்கு வர வேண்டாம். பிறகும் வர வேண்டாம். அந்தக் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது. ரோகினி படிப்பு முடிந்துவிட்டதல்லவா? போதும். வியாபாரத்துக்குக் கல்லாவில் உட்கார ஆள் வேண்டும்.

எதை வெட்டினாய் என்று நீ இன்னும் எழுதவில்லை. கவுண்டரை வெட்டியிருந்தால் நீயே மறுபடி கட்ட வேண்டியிருக்கும். நான் மாறிவிட்டேன் என்று இங்கே சர்டிபிகேட் கொடுக்கிறார்கள், அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டு. என் பணத்தில் என் பெண்டாட்டி நிலத்தில் என் வீடு. இனி ஒருத்தன் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

எதிர்பாராத செலவுப் பணம் எவ்வளவு மிச்சம்? அதைத் தொடாதே. எனக்கு வேண்டும்.

திருச்செல்வம்

*

லிங்கி
18 பிப்ரவரி 2024

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

மேலே ஊர் பெயரைப் பாருங்கள். நான் நீலாயில் இல்லை. தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம், நானும் ரோகினியும். புனிதனுக்கும் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன்.

கணக்கு கேட்டீர்கள், முழுக் கணக்கும் எழுதுகிறேன். இதைப் படித்துப் பார்த்து அனுப்புகிற ஐயாவும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு ஆனது தொண்ணூற்றாறாயிரம் வெள்ளி. பங்களா மரம், சிமெண்டு, கவுன்சில், மலக்குழி, கம்பம், மீட்டர், பாக் தாலிப்புக்கும் அவர் ஆட்களுக்கும் கூலி, எல்லாம் சேர்த்து. என் சேமநிதியில் எடுத்தது நாற்பத்தோராயிரம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் நாற்பத்தைந்தாயிரம், ஒன்பது வருஷத்தில் அடைப்பேன். மீதிப் பத்தாயிரம் தாலிச் சங்கிலியை விற்றது. சங்கிலி அம்மா செய்து போட்டது, அதனால் விற்க எனக்கு உரிமை உண்டு. அது இப்போது கூரைத் தகரமாக இருக்கிறது, மழை பெய்தால் நல்ல சத்தம். தாலி உங்கள் வீட்டார் கொடுத்தது. அதைக் கழற்றி உங்கள் அண்ணன் சன்னாசியிடம் கெமாஸில் நேரில் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிச் சாமி மேடையில் வைத்தார். அண்ணிதான், "இத்தன வருசம் பொறுத்துட்டியேம்மா" என்று அழுதார்கள்.

ஆக, இந்த வீட்டில் உங்கள் காசில் வாங்கிய ஆணி ஒன்றுகூட இல்லை.

வெட்டிய இடங்களைச் சொல்கிறேன். வராந்தா கவுண்டரை வெட்டினேன். நீங்கள் கட்டில் போட்டுச் சுற்றி நடக்க இருந்த பெரிய அறையை வெட்டினேன். ரோகினியின் அறையை வெட்டவில்லை. அதற்கு இரண்டு ஜன்னல். அவள் ஜூனில் போலிடெக்னிக் போகிறாள், கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைவாசலை ஆவணி மாதமே வைத்தாயிற்று. நவம்பரில் நிலை பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேனே, பொய் இல்லை. வாசலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. ஐயர் நவதானியத்தைக் குழியில் போட்டுவிட்டு, "புருசன் எங்கம்மா, வரச்சொல்லு, நேரமாவுது" என்றார். "அவர் இல்ல சாமி, நீங்க ஆரம்பிங்க" என்றேன். "ஒத்தையா வைக்கக் கூடாதும்மா." "ஒத்தையா இல்ல, என் தம்பி இருக்கான்." புனிதன் இடது கையால் மஞ்சள் பூசக் கூச்சப்பட்டான். நான் அவன் வலது கையைப் பிடித்து மஞ்சள் கிண்ணத்தில் முக்கினேன். மடங்காத இரண்டு விரலும் நிலையில் அப்படியே பதிந்தன. அதன்மேல் வார்னிஷ் அடித்துவிட்டேன். நான் இல்லாமல் வைத்த நிலைக்குள் நுழைய மாட்டேன் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

இனி லாரிக் கணக்கு. அறுபத்திரண்டாயிரம். வக்கீல் கொண்டுவந்த பத்திரத்தில் மூன்றாவது வரியைப் படித்தீர்களா? லாரியை விற்கவும், வரும் பணத்தைக் குடும்பத்தின் எந்தத் தேவைக்கும் தன் விருப்பப்படி செலவு செய்யவும் என் மனைவிக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று இருக்கிறது. நீட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன் என்று நீங்களே எழுதினீர்கள். லாட்டுக்கு நான் அன்றைக்கு அப்படிப் போடாததற்குத்தான் புனிதன் கை போனது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் ஒரு தடவை தெரியட்டும்.

கூலிக்கு எதிரே நீங்கள் போட்ட கோட்டை நான் அழிக்கவில்லை. அதன்மேலேயே எழுதினேன். புனிதன், ஆசாரி, வலது கை: நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு வெள்ளி. அவன் வேண்டாம் என்று மூன்று நாள் சண்டை போட்டான். நரம்பு ஆபரேஷன் ஒன்று பாக்கி இருக்கிறது, செய்தால் ஒரு விரலாவது மடங்கும் என்று டாக்டர் சொல்கிறார். அதற்குத்தான் பணம் கட்டப் போகிறான்.

மீதி பன்னிரண்டாயிரத்து நானூறு, எதிர்பாராத செலவு. அதை ஒதுக்கி வைக்கச் சொன்ன புத்தி உங்களுடையது, அதற்கு நன்றி. வக்கீலுக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று அறுபது. விவாகரத்து மனு போட்டாயிற்று. இந்த லாட்டுப் பக்கமோ ரோகினி பக்கமோ நீங்கள் வரக்கூடாது என்று கோர்ட்டில் தடை உத்தரவும் வாங்கியாயிற்று. அதன் நகல் உங்களுக்குத் தனியாக வரும். லிங்கி போலீஸ் நிலையத்திலும் ஒரு நகல் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலிரண்டு கடிதம் பயந்துகொண்டே எழுதினேன். ஜூலையில் செங்கால் வாசனையைப் பற்றி நீங்கள் எழுதியபோது, வெறும் உடம்போடு அந்தத் தரையில் படுக்க வேண்டும் என்று எழுதியபோது, புனிதனிடம் படித்துக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது நல்லா இல்ல. இப்பவே நேரா சொல்லிடு. ஆசை காட்டாத" என்றான். உங்களுக்காக இரக்கப்பட்டவன் அவன் ஒருவன்தான், நீங்கள் கையை உடைத்த அதே புனிதன். நான் கேட்கவில்லை. இன்னும் எட்டு மாதம் நீங்கள் படுத்துக்கொண்டு இந்த வீட்டை நினைக்க வேண்டும் என்று இருந்தது. தூண் தூணாக, பலகை பலகையாக நினைக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகவில்லை, கணக்குப் படித்தது.

தரை நன்றாக வந்திருக்கிறது. இழைத்த பிறகு தேன் நிறம். காலையில் செருப்பில்லாமல் நடந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. வாசனையும் நீங்கள் எழுதியது போலத்தான்.

லாரிப் பணத்தில் மிச்சம் நாற்பது வெள்ளி. அது உங்களுடையது. உங்கள் பெயரில் சிறை ஆபீஸில் கட்டிவிட்டேன், ரசீது இதோடு இருக்கிறது. மார்ச் பதினைந்தாம் தேதி கேட் வாசலில் கார் எதுவும் நிற்காது. நாற்பது வெள்ளிக்குக் கெமாஸ் வரை ரயில் டிக்கெட் வரும், வழியில் ஒரு ரொட்டி, ஒரு தேத்தண்ணி வரும். ரயில் கவுண்டரில் விசாரித்துத்தான் கட்டினேன். கெமாஸுக்கு ரயில் போகிறது. லிங்கிக்கு ரயில் கிடையாது.

லோகேஸ்வரி
பஞ்சாலை மகள்